யாருடைய பாடு? - பள்ளி பேண்டும் இரவல் மெட்டும்

காட்டூரில் ஆசிரியராக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தார். பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துச் சிறு பேண்ட் ஒன்றை நடத்தி வருகிறாராம். இரண்டு டிரம்பெட், ஒரு கிளாரினெட், எங்கிருந்தோ நன்கொடையாக வந்த பழைய யூஃபோனியம், நான்கு சைட் டிரம், ஒரு பெரிய டிரம், இவ்வளவுதான் கருவிகள்.

"ஐயா, ஆண்டு விழாவில் என்ன வாசிப்பது என்பதில்தான் தகராறு. பிள்ளைகள் சினிமாப் பாட்டு வேண்டும் என்கிறார்கள். மூத்த ஆசிரியர்கள், அணிவகுப்பு மெட்டு போதும், சினிமா எதற்கு என்கிறார்கள். சென்ற முறை சினிமாப் பாட்டுதான் வாசித்தோம். டிரம் பையன்கள் அமர்க்களப்படுத்திவிட்டார்கள். யூஃபோனியம் வாசிக்கும் பெண் மட்டும் பாட்டு முழுவதும் இரண்டே ஸ்வரத்தை ஊதிவிட்டு வந்து அழுதுவிட்டாள்."

நமக்குத் தொழில் தமிழ் கற்பித்தல்; இசையில் கேள்வி ஞானம் மட்டுமே. அவகாசம் கேட்டுக்கொண்டு தேடத் தொடங்கினோம். ஆச்சரியம் என்னவென்றால், விடையின் முதற்பாதி காட்டூருக்கு வெகு அருகிலேயே கிடந்தது.

காட்டூரிலிருந்து மீஞ்சூர் வழியாகச் சென்னையை நோக்கி வந்தால் எதிர்ப்படுவது மணலி. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் இவ்வூர், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசைவாணர்களைப் போற்றிய முதலியார் குடும்பத்தின் இருப்பிடம். அம்சத்வனி ராகத்தைப் படைத்தவராகப் போற்றப்படும் ராமசாமி தீட்சிதரை, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் இங்கே அழைத்துவந்து ஆதரித்தார். ராமசாமி தீட்சிதரின் மூத்த மகனே முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835). கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு தொடர்புகொண்டிருந்த முதலியார் குடும்பத்தின் வழியாகத் தீட்சிதர் சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்ட் இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதன் விளைவுகள் இரண்டு. இளையவர் பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்று, அக்கருவி கர்நாடக இசைக்குள் நுழையக் காரணமானவர்களுள் ஒருவரானார். மூத்தவர், கோட்டையில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது.

அவை எத்தகைய மெட்டுகள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 'சந்ததம் பாஹிமாம்' என்பது ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி' என்பதோ அயர்லாந்து நாட்டார் ஆட்ட மெட்டு. சிப்பாய்கள் சீட்டியடித்ததும், விருந்துகளில் துரைமார் ஆடியதும் இவற்றுக்குத்தான். அதாவது, அன்றைய ஜனரஞ்சக இசை. அபூர்வ ராகங்களில், விளம்ப காலத்தில், கமகம் செறிந்த பெருங்கிருதிகளைச் செய்தவர் இவற்றைத் தொடத் தயங்கவில்லை.

தொட்டபோது என்ன செய்தார் என்பது அதைவிட முக்கியம். மெட்டைக் கர்நாடக இசையாகத் திருத்தியமைக்க அவருக்கு எவ்வளவோ வல்லமை உண்டு. ஆயினும் கமகத்தை ஏற்றவில்லை. மெட்டின் நேரான நடையைக் குலைக்கவில்லை. நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அவை இயல்பாகவே அடங்கின. மெட்டு அப்படியே நிற்க, சொல் மட்டும் புதிதாயிற்று.

இவற்றின் பிற்கால வாழ்வும் சுவையானது. சென்னையில் அரசுப் பணியிலிருந்த ஏ.எம். சின்னசாமி முதலியார், நம் இசையை மேலை நாட்டுக் குறியீட்டில் எழுதி 1893-இல் வெளியிட்ட பெருமுயற்சியில் நோட்டுஸ்வரங்களும் இடம்பெற்றன. அவருடைய தூண்டுதலால் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சுப்பராம தீட்சிதர், அடுத்த ஆண்டில் கொண்டுவந்த தொடக்கப் பயிற்சி நூலில் இவற்றைச் சேர்த்தார். கோட்டைச் சிப்பாய்களின் மெட்டு இவ்வாறு குழந்தைகளின் பாலபாடம் ஆயிற்று. 'சக்தி ஸஹித கணபதிம்' இன்றும் இசை பயிலும் சிறுவர் வாயில் முதலில் ஒலிப்பவற்றுள் ஒன்று.

ஆகவே, ஜனரஞ்சகம் என்பதற்காக ஒரு மெட்டைத் தள்ள வேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. ஆனால் யூஃபோனியம் வாசித்த பெண்ணின் கண்ணீருக்கு மணலியில் விடையில்லை. நோட்டுஸ்வரத்தில் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள். பல கருவிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் கலை வேறு. அதற்கு மேற்கே போக வேண்டியிருந்தது. மேற்கு என்றால் முதலில் அமெரிக்கா அன்று. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி.

மேனார்ட் ஃபெர்குசன் (1928-2006) கனடாவில் பிறந்த டிரம்பெட் மேதை. பிறர் எட்ட முடியாத மேல்ஸ்தாயியில் வாசித்துப் புகழ்பெற்றவர். 1960-களின் இறுதியில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்து, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலிப் பள்ளியில் கற்பித்தார். 1970-இல் வெளிவந்த அவருடைய 'எம்.எஃப். ஹார்ன்' இசைத்தட்டைப் பார்த்தால் அக்காலத்தின் இரண்டு நிழல்களும் தெரியும். ஒருபுறம் 'மெக்ஆர்தர் பார்க்' என்னும் பாப் பாடல், ஜாஸ் பேண்டுக்கென விரித்தெழுதப்பட்டது. மறுபுறம் 'சலநாட்டா' என்றொரு உருப்படி. நம் முப்பத்தாறாவது மேளகர்த்தாவின் பெயர். 1977-இல் 'ராக்கி' திரைப்படத்தின் பாடலை அவர் தம் பேண்டுக்கு அமைத்து வாசித்தது அமெரிக்கப் பாப் வரிசையிலேயே இடம்பிடித்தது.

அமெரிக்கப் பள்ளிகளில் ஜாஸ் பேண்ட் என்றால் பொதுவாக ஐந்து சாக்ஸஃபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், அவற்றோடு பியானோ, பாஸ், கிட்டார், டிரம் என்று அமையும். ஃபெர்குசன் வாசித்தவை போன்ற பாப், ராக் அமைப்புகள் எழுபதுகளில் இப்பள்ளிகளுக்குள் வெள்ளமெனப் புகுந்தன. மாணவர்க்கேற்ப மேல்ஸ்தாயியை இறக்கி எளிமையாக்கிய பதிப்புகள் அச்சேறின. கூடவே வழக்கும் எழுந்தது. ஜாஸின் உயிர் 'ஸ்விங்' என்னும் நடை. ஒரு தட்டின் இரு பாதிகளில் முன்னது நீண்டு பின்னது குறுகும். நம் திஸ்ரத்தின் சாயல் அதில் உண்டு. ராக் இசையிலோ இரு பாதிகளும் சமம். பிள்ளைகள் ராக் மட்டுமே வாசித்தால் ஸ்விங் எப்போது கைவரும் என்று ஒரு சாரார் கேட்டனர். நியூயார்க்கின் லிங்கன் சென்டர் 1990-களின் நடுவில் டியூக் எலிங்டனின் மூல அமைப்புகளைப் பள்ளிகளுக்கு இலவசமாகவே அனுப்பத் தொடங்கியது இதற்கான எதிர்வினைகளுள் ஒன்று எனலாம்.

வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் நம் கேள்விக்கு உதவியது ஃபங்க் என்னும் வகை. ஜேம்ஸ் பிரவுன் 1960-களில் வளர்த்த அந்த இசையில் எந்தக் கருவியும் நீண்ட மெட்டை வாசிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு துணுக்கு. எல்லாரும் ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், நம்மவர் சொல்லும் சமத்தில், வந்து கூடுவார்கள். துணுக்கு எளிது, பிறர் துணுக்கின் இடுக்கில் அதைப் பிசகாமல் பொருத்துவது அரிது. இரண்டே ஸ்வரம் வாசிக்கும் பிள்ளைகூட அங்கே இன்றியமையாதவள்; அவள் நிறுத்தினால் இசையில் ஓட்டை விழும். காட்டூரில் சென்ற முறை நடந்தது அதுவன்று. அவளுடைய இரண்டு ஸ்வரங்கள் நின்றிருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது. குறை பாட்டில் இல்லை; பங்கீட்டில் இருந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். பேண்ட் கருவிகளுக்குக் கமகம் வராது என்று எப்படி முடிவுகட்டலாம்? கத்ரி கோபால்நாத் (1949-2019) மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு மயங்கி, அதையே கர்நாடக இசைக்கு வசப்படுத்தவில்லையா? பேண்ட் கருவியாக வந்த கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடையில் ஆளவில்லையா? உண்மைதான். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் ஆயுட்காலச் சாதகம். பள்ளிக்கு இருப்பதோ ஒரு பருவம். கமகத்தால் உயிர்வாழும் மெல்லிசைப் பாடலை ஆறு மாதப் பயிற்சியுள்ள டிரம்பெட்டிடம் கொடுத்தால் எலும்புதான் மிஞ்சும். தாளத்தையே நம்பிய குத்துப்பாட்டைக் கொடுத்தால் டிரம் மட்டுமே மிஞ்சும்.

மாணவரை அழைத்து நாம் சொன்னது இதுதான். சினிமாவா அணிவகுப்பா என்ற வழக்கை விட்டுவிடுங்கள். மெட்டை வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். சொல்லும் குரலும் இல்லாமல் தானே நிற்கிறதா? நின்றால் அது தீட்சிதர் எடுத்திருக்கக்கூடிய மெட்டு. பிறகு ஒவ்வொரு கருவியாக நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியது காதுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் பங்கு எழுதப்படவில்லை.

சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் சொன்னார்: "எங்கள் பக்கத்துப் பாடு போல என்கிறீர்கள்."

பழவேற்காட்டை அறியாதவர்களுக்காக: ஏரியில் மீனும் இறாலும் மிகுந்த இடங்களில் வலை கட்டும் உரிமையை யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளாமல், உரியவர்கள் முறை வைத்துச் சுழற்றிக்கொள்ளும் பழைய வழக்கத்துக்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை மற்றொருவருக்கு. அந்த முறைக்குள் இடம் கிடைக்காதோரின் மனக்குறையும் அங்கே நெடுநாளாக உண்டு. ஆகவே அதை அப்பழுக்கற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் மாணவரின் ஒப்புமை நம்மை நிமிர வைத்தது. மெட்டுதான் ஏரியின் நல்ல இடம். அதில் எப்போதும் டிரம்பெட்டே வலை கட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கரையில் நிற்க வேண்டியதுதான்.

இப்போது இரண்டு உருப்படிகளை எடுத்திருக்கிறாராம். ஒன்று நோட்டுஸ்வரம், அதை எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். மற்றொன்று பிள்ளைகள் கேட்ட சினிமாப் பாட்டு. அதன் சரணத்தில் டிரம்பெட்டுகள் ஓய்ந்துவிடும். அந்தச் சரணத்தை யூஃபோனியத்துக்கென்று ஸ்வரப்படுத்தி, நோட்டுப் புத்தகத்தில் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.