லிம்போவும் பதினோரு அன்னங்களும்

சகோதரியைத் தேடி ஒரு சிறுவன் இருட்டுக் காட்டுக்குள் நடக்கிறான். லிம்போ அவ்வளவுதான். கோபன்ஹேகனின் பிளேடெட் நிறுவனம் உருவாக்கி, 2010 ஜூலையில் வெளியான புதிர் விளையாட்டு. இயக்கம் ஆர்ன்ட் யென்சன். முழுக்க கறுப்பு வெள்ளை. வசனம் கிடையாது, எப்படி ஆடணும்னு குறிப்பும் கிடையாது. ராட்சதச் சிலந்தியிடம் நாலு தடவை செத்தால்தான் வழி புரியும்.

இந்த மௌனம் அந்த ஊருக்குப் புதுசு இல்லை. அங்கே 1838-ல் வெளியான ஆன்டர்சனின் ‘காட்டு அன்னங்கள்’ கதையைப் பாருங்கள். அன்னங்களாகிப்போன 11 சகோதரர்களை மீட்க, எலிசா காஞ்சொறி நாரில் சட்டை பின்னணும். முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசினாலும் அவர்கள் உயிர் போய்விடும். சூனியக்காரி என்று எரிக்கக் கொண்டுபோகும்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

யென்சன் அங்கிருந்து எடுத்தார்னு நான் சொல்ல வரலை. ஆனால் இரண்டிலும் மீட்பு முழுசாக இல்லை. கடைசிச் சட்டையில் ஒரு கை பாக்கி. அதனால் கடைசித் தம்பிக்கு ஒரு பக்கம் சிறகே நிலைத்துவிடுகிறது. லிம்போவின் முடிவில் சிறுவன் நெருங்குகிறான், சகோதரி திடுக்கிட்டு நிமிர்கிறாள், திரை இருண்டுவிடுகிறது.

மீட்டானா? விளையாட்டு சொல்லாது. தேடிப் போனது மட்டும் நிச்சயம். எனக்கு அதுவே போதும்.