பாத்திரத்தில் வெள்ளைப் படலம், உள்ளே தேங்கும் தண்ணி... டிஷ்வாஷர் மக்கர் பண்ணுதா? மெக்கானிக்கை கூப்பிடும் முன் இதைப் பாருங்க!

டிஷ்வாஷர் வாங்கி ஆறு மாதம் பளபளவென்று இருந்த டம்ளர், அதன் பிறகு வெள்ளை பூத்துப் போகிறது. தட்டில் சோறு காய்ந்தபடியே இருக்கிறது. சில நாள் மெஷினுக்குள் தண்ணி தேங்கி நிற்கிறது. "மெஷின் போச்சு" என்று முடிவு கட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் மெஷின் கிடையாது, தண்ணியும் பராமரிப்பும்தான்.

தாராபுரம் போன்ற ஊர்களில் இது இன்னும் முக்கியம். கம்பெனி சர்வீஸ் ஆள் பெரும்பாலும் திருப்பூரில் இருந்தோ கோவையில் இருந்தோதான் வர வேண்டும். ஃபில்டரைக் கழுவிவிட்டுப் போவதற்கும் விசிட்டிங் சார்ஜ் கட்ட வேண்டியிருக்கும்.

உப்புத் தண்ணி என்ன செய்யும்?

அமராவதி ஆற்றங்கரை ஊர் என்றாலும், பல வீடுகளில் குடிக்க நல்ல தண்ணி, புழங்க போர் தண்ணி என்பதுதான் வழக்கம். டிஷ்வாஷருக்குப் போவது போர் தண்ணி. அதில் கால்சியம், மெக்னீசியம் அதிகம். சூடாகும்போது இவை சுண்ணாம்பு போலப் படியும். டம்ளரில் தெரியும் அதே வெள்ளைதான் ஹீட்டரிலும், தண்ணி பீய்ச்சும் ஸ்ப்ரே ஆர்ம் துளைகளிலும் ஒட்டுகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 விதிப்படி, குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. குடிக்க அனுமதிக்கப்பட்ட இந்த 600-ஏ டிஷ்வாஷருக்கு மிகக் கடினமான தண்ணி.

மெஷினுக்குள் உப்பு எதற்கு?

திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு இது பழகிய விஷயம். கடின நீரில் சாயம் சீராக ஏறாது என்பதால், சாஃப்ட்னர் வைத்து தண்ணியை மென்மையாக்குவார்கள். அதே தொழில்நுட்பத்தின் சின்ன வடிவம்தான் டிஷ்வாஷரின் அடியில் இருக்கிறது. அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும். உப்பு தீர்ந்தால் ரெசின் வேலை செய்யாது. போர் தண்ணி அப்படியே பாத்திரத்துக்கு வரும்.

* டிஷ்வாஷருக்கான கல் உப்பைத்தான் போட வேண்டும். சமையல் தூள் உப்பில் கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள் சாஃப்ட்னரைக் கெடுக்கும்.
* போடும்போது சிந்தினால் உடனே ஒரு சைக்கிள் ஓட்டுங்கள். விட்டுவிட்டால் ஸ்டீல் துருப்பிடிக்கும்.
* கடினத்தன்மை செட்டிங்கை மாற்றாவிட்டால் உப்பு போட்டும் பலன் குறைவு. மேனுவலில் ஜெர்மன் டிகிரி கணக்கு இருந்தால், மில்லிகிராம் அளவை 17.8-ஆல் வகுக்க வேண்டும். 600 என்றால் சுமார் 34 டிகிரி.
* டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது மொத்த உப்பு அளவு, கடினத்தன்மை இல்லை. அதற்கு டெஸ்ட் ஸ்ட்ரிப் போதும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் தண்ணியைப் பரிசோதிக்கலாம்.

வெள்ளைக் கறை போகுமா?

டம்ளரில் கொஞ்சம் வினிகர் தடவித் தேய்த்துப் பாருங்கள். மறைந்தால் அது உப்புப் படிவம். உப்பும் ரின்ஸ் எய்டும் நிரப்பி, டிஷ்வாஷர் கிளீனர் போட்டு காலி மெஷினை அதிக சூட்டில் ஒருமுறை ஓட்டினால் சரியாகும். மறையவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது, அது திரும்பாது.

பாத்திரம் அழுக்காகவே வருதா?

முதல் சந்தேகம் ஃபில்டர். கடுகு, கறிவேப்பிலை, புளிச் சக்கை எல்லாம் அங்கேதான் சேரும். திருகிக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை இது போதும். அடுத்து ஸ்ப்ரே ஆர்மைக் கழற்றி, அடைத்த துளைகளைக் குச்சியால் குத்தி எடுங்கள். குக்கரோ கரண்டியோ இடித்து ஆர்ம் சுற்றாமல் நிற்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

அலுமினிய வாணலி, இரும்பு தோசைக்கல், மரக்கரண்டி ஆகியவை உள்ளே போகக் கூடாது. டிஷ்வாஷர் பவுடரின் காரம் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும்.

தண்ணியே ஏறலையா?

குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, இன்லெட் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹோஸ் முனையில் உள்ள சின்ன வலையைக் கழுவுங்கள். போர் தண்ணியின் மண் அங்கே அடைக்கும்.

அடுத்தது அழுத்தம். பல மாடல்களுக்குக் குறைந்தது 0.5 பார் தேவை. அதாவது குழாய்க்கு மேல் சுமார் 5 மீட்டர் உயரத்தில் தண்ணி இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியில் தரையோடு டேங்க் வைத்தால் அந்த உயரம் கிடைக்காது. டேங்க்கை உயர்த்துவது அல்லது பிரஷர் பம்ப் வைப்பதுதான் தீர்வு. இதற்காக மெஷினை மாற்றினால் புது மெஷினும் அதே எரரைத்தான் காட்டும்.

தண்ணி வெளியே போகலையா?

1. பிளக்கைக் கழற்றி, குழாயை மூடுங்கள்.
2. தேங்கிய தண்ணியை மொண்டு எடுத்து, ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள்.
3. ஃபில்டரை எடுத்து, கையுறை போட்டு அடிக்குழியைத் துழாவுங்கள். உடைந்த கண்ணாடி, எலுமிச்சை விதை சிக்கியிருக்கலாம்.
4. டிரெயின் ஹோஸ் மடங்கியிருந்தால் நிமிர்த்துங்கள். ஹோஸ் தரையோடு கிடந்தாலும் தவறு. மேனுவல் சொல்லும் உயரத்துக்கு ஏற்றி மாட்ட வேண்டும்.

எல்ஜி மெஷினில் 'ஓ.இ.', போஷ் மெஷினில் 'இ24', 'இ25' என்று வந்தால் அது தண்ணி வெளியேறாத பிரச்சினை. போஷில் 'இ15' என்றால் அடித்தட்டில் தண்ணி கசிந்து, பாதுகாப்பு சுவிட்ச் வேலை செய்திருக்கிறது. மெஷினைச் சாய்த்துத் தண்ணியை வடித்தால் எரர் போகலாம், ஆனால் கசிவு அப்படியேதான் இருக்கும். பவுடருக்குப் பதில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஊற்றினாலும் நுரை பொங்கி இப்படி ஆகலாம்.

இதை மட்டும் தொடாதீங்க!

டிஷ்வாஷர் ஓடும்போது வீட்டு ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறதா? மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? கருகிய வாடை வருகிறதா? மெயினை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். ஹீட்டரில் மின்கசிவோ, எர்த் கோளாறோ இருக்கலாம். "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்வது உயிருக்கே ஆபத்து. தண்ணியும் கரண்டும் சேரும் இடத்தில் யூடியூப் வீடியோ பார்த்து வேலை செய்ய வேண்டாம்.

சர்வீஸ் சரியில்லையா?

பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் ஆள் தரும் ஜாப் ஷீட் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பார்ட்டின் பெயரையும் விலையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பொருளின் விலை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.