பென்சாயிக்

பென்சாயிக் அமிலம் என்ற பெயருக்குள் நம் வீட்டுச் சாம்பிராணி மணக்கிறது. சுமத்திராவையும் சாவகம் என்றே அழைத்த அரபு வணிகர், அங்கிருந்து வந்த பிசினை 'லுபான் ஜாவி', அதாவது சாவகத்து நறும்பிசின், என்றனர். ஐரோப்பியர் முதலெழுத்து 'லு'வைத் தம் மொழிச் சுட்டுச்சொல்லாக எண்ணி உதிர்த்துவிட, மிச்சம் 'பென்ஜுய்', 'பென்சாயின்' எனத் திரிந்தது. அந்தப் பிசினிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக். அதைச் சுண்ணாம்போடு காய்ச்சி 1833-இல் வேதியியலாளர் மிட்ஷெர்லிக் பெற்ற நீர்மமே பென்சீன். பிள்ளை பெயரால் தாயை அழைப்பதுபோல, அமிலத்தின் பெயர் பென்சீன் வளையத்துக்கு வந்தது!

வளையத்தில் சேரும் தொகுதிகளின் விளைவை அளக்க, 1937-இல் வேதியியலாளர் ஹாமெட் இந்த அமிலத்தையே அளவுகோலாக்கினார். அமில வலிமையைக் குறிக்கும் பிகேஏ எண் இதற்கு 4.20. எண் குறைந்தால் அமிலம் வலிது. வளையத்தில் அமிலத் தொகுதிக்கு எதிர்முனையில் நைட்ரோ தொகுதி அமர்ந்தால் அது எலக்ட்ரானைத் தன்பால் இழுத்து, புரோட்டான் பிரிந்தபின் எஞ்சும் எதிர்மின் சுமையைத் தணிக்கிறது, எண் 3.4 ஆகிறது. அதே இடத்தில் மெத்தாக்சி தொகுதி அமர்ந்தால் அது எலக்ட்ரானை வளையத்துக்குள் தள்ளுகிறது, எண் 4.5-ஐ நெருங்கும். எனக்குப் பிடித்தது சாலிசிலிக் அமிலம். அமிலத் தொகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹைட்ராக்சில், பிரிந்த அயனியை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்வதால் அங்கே எண் 3-க்கும் கீழே போய்விடுகிறது.