புள்ளியின் ஸ்தானம்

கணக்கேட்டில் தொகைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுகிறவர் யாராயினும், தசமப்புள்ளிக்கு நேர்கீழே தசமப்புள்ளி வரும்படி எழுதுவதை ஒரு நியமமாகவே கொண்டிருப்பர். அவ்வாறு எழுதாத ஏட்டில் கூட்டல் பிழைபடும் என்பதும், பிழைபடாவிடினும் தொகையின் பருமன் படிப்பவர் கண்ணுக்குச் சட்டென்று புலப்படாது என்பதும் அநுபவத்தில் கண்ட விஷயங்கள். எழுதுகிற மனிதனுக்குக் கண் உண்டு. ஆதலால் இது அவனுக்குப் பிரயாசையான காரியம் அன்று. கண்ணில்லாத யந்திரம் ஓர் எண்ணை எழுதிவிட்டு, அதன் புள்ளி எங்கே விழுந்தது என்பதை எவ்விதம் அறியலாயிற்று என்னும் சரித்திரம், கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றாயினும், என் மனத்துக்கு மிகவும் உகந்தது.

ஆதியில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. அமெரிக்காவில் 1890-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்கு ஹெர்மன் ஹாலரித்தின் துளையட்டைகள் உதவின, 1928-இல் ஐ.பி.எம். கம்பெனி 80 பத்திகள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. அந்த அட்டைகளில் ஒரு விவரத்துக்கு இன்ன பத்தி முதல் இன்ன பத்தி வரை என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதே வழக்கம். அவ்வாறு வகுத்த தொகுதியே புலம் எனப்பட்டது. 1957-இல் ஐ.பி.எம். 704 யந்திரத்துக்கென வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியும் அந்த மரபையே தழுவியது. எஃப்10.3 என்று எழுதினால் எண்ணுக்கு மொத்தம் 10 ஸ்தானங்கள், அவற்றுள் புள்ளிக்குப் பின் 3 என்பது பொருள். ஆகவே எண் எதுவானாலும் புள்ளி ஏழாவது ஸ்தானத்தில்தான் நிற்கும்.

எழுதி முடித்த பிறகு யந்திரத்தையே விசாரிக்கலாம் என்னும் எண்ணம் ஸி மொழியில் சிறிது தலைகாட்டியது. பிரிண்ட்எஃப் கட்டளையில் சதவீதக் குறியோடு 'என்' என்னும் எழுத்தைச் சேர்த்தால், அதுவரை எத்தனை எழுத்துக்கள் வெளிவந்தன என்ற தொகை நினைவகத்தில் பதியும். அந்த வசதியைத் துஷ்டர்கள் பிறர் நினைவகத்தைக் கெடுக்கும் ஆயுதமாக்கிக்கொண்டதால், பிற்காலத்தில் மைக்ரோஸாஃப்ட் தன் நூலகத்தில் அதை வழக்கமாக முடக்கியே வைத்தது.

இந்தச் சரித்திரத்தின் முக்கியமான கட்டம் டாலிஜெண்ட் என்னும் கம்பெனியைச் சேர்ந்தது. 1992-இல் ஆப்பிளும் ஐ.பி.எம்.மும் கூடி, பொருள்நோக்கு முறையிலேயே ஒரு முழு இயங்குதளத்தை நிர்மாணிக்கும் நோக்கத்தோடு கலிஃபோர்னியாவில் அதைத் தோற்றுவித்தன. அந்த மஹா சங்கல்பம் நிறைவேறவில்லை. 1998-இல் கம்பெனியே இல்லாமற் போயிற்று. ஆனால் யூனிகோடின் ஸ்தாபகர்களுள் ஒருவரான மார்க் டேவிஸ் முதலானோர் அங்கே இருந்துகொண்டு, உலகத்தின் பல மொழிகளில் எண்ணையும் தேதியையும் எழுதும் வழிகளைப் பற்றிச் செய்த வேலை வீண்போகவில்லை. அது ஸன் கம்பெனியின் ஜாவா மொழிக்குள் 1997-இல், ஜே.டி.கே. 1.1 பதிப்போடு பிரவேசித்தது. ஜாவாவின் அந்த மூலநிரல் கோப்புகளின் தலைப்பில் டாலிஜெண்டின் பெயர் அது மறைந்த பின்னும் நிலைத்து நிற்பது, உழைத்தவர்களுக்குக் கிடைத்த நியாயமான மரியாதை என்றே கருதுகிறேன்.

ஃபீல்டுபொசிஷன் என்னும் சிறிய வகுப்பு அந்தத் தொகுதியில் இருந்தது. அதன் அவசியத்தை உணர, ஒரே தொகையைப் பல தேசத்தார் எழுதும் விதத்தைப் பார்த்தால் போதும்: அமெரிக்கர் 1,234,567.89 என்று எழுதுவதை ஜெர்மானியர் 1.234.567,89 என்று எழுதுவர்; நாமோ 12,34,567.89 என்று எழுதுவோம். புள்ளியைத் தேடிப் பிடித்து ஸ்தானம் காணலாம் என்று நம்பும் நிரலாளர் ஜெர்மானிய எண்ணில் ஆயிரங்களைப் பிரிக்கும் குறியைத்தான் பிடிப்பார். எழுதிய யந்திரத்துக்கே உண்மை தெரியும். ஆதலால் அதனிடமே கேட்க வேண்டும். முழுஎண் பாகம் எங்கே என்று கேட்கும் வெறும் ஃபீல்டுபொசிஷன் பொருளொன்றை உருவாக்கி, எழுதும் பணியைச் செய்யும் வடிவமைப்பானிடம் கொடுத்தால், அது எண்ணை எழுதிக்கொண்டே, அந்தப் பாகம் தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் அதில் குறித்துத் திருப்பித் தரும். 1,234.5 என்பதில் முடிவு 5, 56.25 என்பதில் 2. புள்ளிக்கு முன் 12 ஸ்தானங்கள் வேண்டுமாயின் முதலாவதற்கு முன் 7 இடைவெளியும் இரண்டாவதற்கு முன் 10 இடைவெளியும் விட்டால் புள்ளிகள் நேராகிவிடும். குறை எண்ணை அடைப்புக்குறிக்குள் (12) என்று எழுதும் கணக்கர் வழக்கத்துக்கும், புள்ளியே இல்லாதபோதும், இந்த உபாயம் பொருந்துகிறது.

எழுத்துக்கள் யாவும் சம அகலமாயிருந்தால்தான் இடைவெளிக் கணக்கு பலிக்கும். இல்லாவிடில் முடிவிடம் வரையுள்ள அகலத்தைத் திரையில் அளந்து, அதற்கேற்ப நகர்த்தி எழுதவேண்டும் என்று ஜாவாவின் விளக்கக் குறிப்பே வழி சொல்லிவிடுகிறது. நம் மொழிக்கு இது மிகவும் வேண்டிய எச்சரிக்கை. 'ஜனவரி' என்பதில் நாம் காண்பவை நான்கு எழுத்துக்கள். யூனிகோடில் இகரக்குறி தனியாக எண்ணப்படுவதால் யந்திரம் சொல்லும் முடிவு 5. அதை நம்பி இடைவெளி விட்டவர் தமிழ்த் தேதிகளை ஒழுங்காக நிறுத்த முடியாது.

ஃபீல்டுபொசிஷனுக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு புலத்தைப் பற்றியே கேட்கலாம்; ஒரு தேதியில் காலவலயம் இரு முறை வந்தால் முதலில் வந்ததையே அது சொல்லும். 2002-இல் வெளிவந்த ஜாவா 1.4, வாசகம் முழுவதிலும் எந்த எழுத்து எந்தப் புலத்தைச் சேர்ந்தது என்று ஒருங்கே விசாரிக்கும் வழியைத் திறந்தது. அதன் பயனாக, திரையில் தேதியைத் திருத்துகிறவர் மாதத்தின்மேல் சுட்டியை வைத்து மேல் அம்புக்குறியை அழுத்தினால் மாதம் ஒன்று கூடுவதும், நாளின்மேல் வைத்தால் நாள் கூடுவதும் சாத்தியமாயின.

டாலிஜெண்டின் வேலையின் மற்றொரு கிளையை ஐ.பி.எம். 1999-இல் ஐ.ஸி.யு. என்னும் பெயரால் யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. லக்ஷம், கோடி என்று பிரிக்கும் நம் முறையை ஜாவாவின் சொந்த வகுப்பு ஏற்காதிருந்த காலத்திலேயே ஐ.ஸி.யு. ஏற்றுக்கொண்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்டிலோ, இடத்தை எண்ணால் சொல்வதைக் கைவிட்டு, வாசகத்தைப் பாகம் பாகமாகவே பிரித்துத் தரும் ஏற்பாடு 2017, 2018-ஆம் வருஷங்களின் நியமங்களில் சேர்ந்தது. தமிழ் வழக்கில் 12,34,567.89 என்னும் தொகையைக் கொடுத்துக் கேட்டால், 12, 34, 567 என்னும் மூன்று முழுஎண் துண்டுகளும், அவற்றிடையே இரண்டு காற்புள்ளிகளும், ஒரு தசமப்புள்ளியும், 89 என்னும் பின்னமும், தத்தம் பெயரோடு ஏழு பாகங்களாக வருகின்றன.