யூஸ்நெட்டின் பெரும் பெயர்மாற்றம்

1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் திட்டமிட்ட யூஸ்நெட் என்னும் கணினிவழி உரையாடல் அமைப்பில், பொதுப்பிரிவிலிருந்து உட்பிரிவுக்குப் புள்ளிகளிட்டு இறங்கும் குழுப்பெயரே அக்குழுவின் முகவரியாகவும் விளங்கியது. தொடக்கத்தில் பெரும்பாலான குழுக்கள் 'நெட்' என்ற ஒரே தலைப்பின்கீழ்க் குவிந்து கிடந்ததால், செய்திகளைத் தொலைபேசிவழி பெற்று அதன் கட்டணத்தைச் சுமந்த கணினி நிலையங்கள் வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து பெறுவது கடினமாயிற்று. 1986–87-இல் நிகழ்ந்த பெரும் பெயர்மாற்றம் குழுக்களைக் கணினி, அறிவியல், சமூகம் முதலான ஏழு தலைப்புகளில் பிரித்து, சர்ச்சைக்குரியவற்றை அவற்றுள் ஒன்றான 'டாக்' என்னும் பிரிவில் ஒதுக்கியது. தலைப்பைப் பொறுத்தே ஒரு குழுவின் வீச்சு அமைந்தமையால், இதனை வெறும் நூலக ஒழுங்காகக் கருதுவது பொருந்தாது. சமையல் குறிப்புக் குழுவை நடத்திவந்த பிரையன் ரீட் உள்ளிட்ட சிலர், பெயர்மாற்றம் விதித்த கட்டுப்பாட்டை ஏற்காமல் 1987-இல் 'ஆல்ட்' என்னும் மாற்றுப்பிரிவைத் தொடங்கினர். பின்னாளில் தமிழர் கூடிய 'சாக்.கல்ச்சர்.தமிழ்' குழுவோ, சமூகம், பண்பாடு, தமிழ் என்னும் மூன்று படிகளில் ஏழு தலைப்புகளின் ஒழுங்கையே பின்பற்றியது.