மூச்சைத் திறக்கும் மருந்தும் நோயை அடக்கும் மருந்தும்

ஆஸ்துமாவுக்கு நம் வழக்கில் ஈளை, இரைப்பு, இழுப்பு என்று பல பெயர்கள் உண்டு. இழுப்பு கண்டவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூச்சை உள்ளே வாங்குவதைவிட வெளியே விடுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. மார்புக்குள்ளிருந்து சீழ்க்கை போன்ற ஒலி எழும். அந்த வேளையில் மூச்சை உடனே திறந்துவிடும் மருந்து எதுவோ அதுவே சிறந்த மருந்து என்று யாருக்கும் தோன்றும். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியது. பல இளம் உயிர்களைப் பலி கொண்ட பிறகே அந்த எண்ணம் மாறியது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

முதலில் மார்புக்குள் நடப்பது என்ன? மூச்சுக்குழல்களைச் சுற்றி மெல்லிய தசைநார்கள் உள்ளன. ஆஸ்துமாவில் இவை இறுகிக் குழலை நெருக்குகின்றன. இதைத் தவிர, குழலின் உட்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கிறது, சளியும் சேர்கிறது. குழாயில் பாயும் பொருள்களைப் பற்றிய பாய்ஸொய் விதியை இயற்பியல் மாணவர்கள் படித்திருப்பார்கள். சீரான ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியானால் தடை இரு மடங்கு அன்று, பதினாறு மடங்கு ஆகிறது! குழல் சிறிதளவு சுருங்கினாலும் நோயாளி திணறுவது ஏன் என்பது இப்போது விளங்கும். தசை இறுகுவது சில நிமிடங்களில் நிகழ்வது. வீக்கமோ நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதைப் பற்றியதுதான்.

தொடக்ககால மருந்துகள் எல்லாம் தசையைத் தளர்த்துபவையே. அவற்றுள் ஒன்று நம் சென்னையிலிருந்து சென்றது. இங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தை இனச் செடியைப் புகைக்கும் நாட்டு வழக்கத்தை ஆஸ்துமாக்காரர்களுக்குப் பரிந்துரைத்தார். 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். இருபதாம் நூற்றாண்டிலும் ஐரோப்பியக் கடைகளில் ஊமத்தைச் சுருட்டுகள் விற்பனையாயின. (ஊமத்தை கொடிய நச்சுச்செடி, யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) ஜப்பானிய அறிஞர் தகாமினே 1901-இல் அட்ரினலினைப் பிரித்தெடுத்துக் காட்டியதும், ஓரிரு ஆண்டுகளிலேயே அதை ஊசி மூலம் ஆஸ்துமாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அட்ரினலினை ஒத்த ஐசோபிரினலின் 1940-களில் வந்தது.

1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமாவால் அவதியுற்ற அவருடைய 13 வயது மகள் ஒரு கேள்வி கேட்டாள்: தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பானைப் போல என் மருந்தையும் ஏன் ஒரு குப்பியில் அடைக்கக்கூடாது? மறு ஆண்டே அளவுத் தெளிப்பான், அதாவது இன்று நாம் இன்ஹேலர் என்று சொல்லும் கருவி, விற்பனைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரே அளவு மருந்து வெளிவரும் வால்வுதான் இதன் உயிர்நிலை. துகளின் பருமனும் முக்கியம். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் வளைவில் திரும்ப இயலாமல் தொண்டையிலேயே மோதிவிடும். ஒன்று முதல் ஐந்து மைக்ரான் அளவுள்ளவையே நுரையீரலின் உள்ளே போய்ச் சேரும். மருந்து நேரே உரிய இடத்துக்குச் செல்வதால் சிறிதளவே போதும். இன்றைய சால்பூட்டமால் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம்தான் வருகிறது. அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது அதைப்போல் நாற்பது மடங்கு. இன்ஹேலர் 'கடைசி மருந்து' என்று அஞ்சி மாத்திரையையே நாடுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கருவியில் குறையில்லை. அதில் எதை, எவ்வளவு அடைத்தார்கள் என்பதில்தான் வினை இருந்தது. பிரிட்டன் முதலிய சில நாடுகளில் 'ஃபோர்ட்' என்ற பெயரில் ஐந்து மடங்கு வீரியமுள்ள ஐசோபிரினலின் தெளிப்பான் விற்கப்பட்டது. பிரிட்டனில் 1968 வரை மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் தெளிப்பான் வாங்க முடிந்தது. 1960-களில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று ஏறின. இங்கிலாந்திலும் வேல்சிலும் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களிடையே, 1959-க்கும் 1966-க்கும் இடையில் மரண விகிதம் ஏறத்தாழ எட்டு மடங்காயிற்று! புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால், ஃபிராங்க் ஸ்பைசர் முதலியோர் இதை ஆராய்ந்து 1968-இல் வெளியிட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தெளிப்பான் பயன்படுத்தியவர்களே. எச்சரிக்கை பரவியது, விற்பனை குறைந்தது, மரணமும் குறைந்தது. அமெரிக்காவில் ஃபோர்ட் வகைக்கு அனுமதியில்லை. அங்கே இத்தகைய மரண அலையும் எழவில்லை.

காரணம் என்ன? மிகுந்த மருந்து இதயத்தைத் தாக்கியது என்றனர் சிலர். மருந்து தந்த தற்காலிக நிம்மதியால் நோயாளி மருத்துவமனைக்குக் காலம் தாழ்த்திப் போனார் என்றனர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். தசை தளர்ந்து மூச்சு வருகிறது. நோயாளி நலம் என்று நம்புகிறார். உள்ளே வீக்கமோ வளர்ந்துகொண்டே போகிறது.

பாடம் அத்துடன் முடியவில்லை. 1976-இல் நியூசிலாந்தில் ஃபெனோட்டரால் என்ற தெளிப்பான் அறிமுகமாயிற்று. ஓர் அழுத்தத்தில் 200 மைக்ரோகிராம். அவ்வாண்டிலேயே மரணங்கள் ஏறத் தொடங்கின. ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி ஆகியோர் ஆஸ்துமாவால் இறந்த 117 பேரை, மருத்துவமனையில் சேர்ந்து பிழைத்த 468 பேரோடு ஒப்பிட்டு 1989-இல் முடிவை வெளியிட்டனர்: இறந்தோரிடையே ஃபெனோட்டரால் பயன்பாடு மிகுதி. 'நோய் கடுமையானவர்களுக்குத்தானே அதைக் கொடுத்தார்கள், அதனால் இறந்திருப்பார்கள்' என்று எதிர்வாதம் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்தடுத்த ஆய்வுகளிலும் முடிவு மாறவில்லை. அரசு அம்மருந்தைக் கட்டுப்படுத்தியதும் மரண விகிதம் வீழ்ந்தது.

இதற்கிடையில் வீக்கத்தை அடக்கும் மருந்து வந்துவிட்டிருந்தது. மூட்டுவாத நோயில் ஆற்றல் காட்டிய கார்ட்டிசோன் உள்ளிட்ட அட்ரினல் புறணி ஹார்மோன்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவரும் 1950-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆஸ்துமாவிலும் அது நன்கு வேலை செய்தது. ஆனால் நெடுநாள் மாத்திரையாக உண்டால் முகம் ஊதும், எலும்பு நலியும், பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்படும். இதைத் தவிர்க்க வழி காட்டியதும் அதே தெளிப்பான்தான். 1972-இல் இங்கிலாந்தில் பெக்ளோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உள்ளிழுக்கும் வடிவில் வந்தது. அளவு மைக்ரோகிராம் கணக்கில்; உடலின் பிற பகுதிகளுக்குத் தீங்கு குறைவு.

ஆயினும் இதற்கு உடனே வரவேற்பு கிடைக்கவில்லை. சால்பூட்டமால் ஐந்து நிமிடத்தில் தன்னை மெய்ப்பித்துவிடும். ஸ்டீராய்டு தெளிப்பானோ இழுத்தவுடன் எதுவும் செய்வதாகத் தோன்றாது. நாள்தோறும் பயன்படுத்தினால் சில வாரங்களில் இழுப்பு வருவதே குறையும். வராமற்போன இழுப்பை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? எண்ணிப் பார்த்தார்கள், கனடாவில். சஸ்காச்சுவன் மாநிலத்தின் மருந்துப் பதிவேடுகளைக் கொண்டு 2000-இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஸ்டீராய்டு குப்பிக்கும் ஆஸ்துமா மரண வாய்ப்பு 21 சதவீதம் குறைவதாகக் காட்டியது.

2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விரைந்து தசை தளர்த்தும் மருந்தை மட்டும் கொடுத்துச் சிகிச்சை செய்வதைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. நோய் இலேசானதாயிருந்தாலும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஏதேனும் ஒரு வடிவில் இருக்க வேண்டும் என்றது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் நோயாளியைப் பார்த்தே முடிவு செய்வார். அக்குழு முன்வைத்த வழிகளுள் ஒன்றில் விரைந்து செயல்படும் ஃபார்மோட்டராலும், புடசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஒரே இன்ஹேலரில் சேர்ந்திருக்கின்றன. மூச்சு திணறி நோயாளி அதை எடுத்து இழுக்கும் போதெல்லாம், அவர் கேட்காமலே வீக்கத்துக்கான மருந்தும் உடன் போய்ச் சேர்ந்துவிடுகிறது.