கூரையிலிருந்து சுவருக்கு: அஸ்தம்பட்டிப் பழைய வீடுகளில் குளிர்ச்சி தேடிய வரலாறு

சேலத்துச் சமவெளியில் வீட்டுக்குள் சூடேற்ற எவரும் கருவி வைத்ததில்லை. கணப்பும் புகைபோக்கியும் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காட்டுக் காப்பித் தோட்ட பங்களாக்களுக்குத்தான் ஏற வேண்டும். கீழே, வெந்நீர் போடும் செம்பு பாய்லரோடு அந்தக் கதை முடிந்துவிடும். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை சூழ்ந்த இந்த ஊரில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்ப்பது வழக்கம். அதனால் இங்கே வீட்டின் வரலாறு பெரும்பாலும் வெயிலைத் தடுத்த வரலாறுதான். அந்த வேலை முதலில் கூரையிடம் இருந்தது. பிறகு விட்டத்தில் தொங்கிய மின்விசிறிக்கு வந்தது. கடைசியில் சுவரில் மாட்டிய இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பராமரிக்கும் கையும் கூடவே மாறியது: கொத்தனார், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக். பழைய வீடுகளின் இன்றைய சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கைமாற்றத்தில் பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சேலம் 1792-இல் மாவட்டமானது. 1866-இல் நகராட்சி பெற்றது. கோட்டையும் கடைவீதியும் நெரிசலாக இருக்க, வடக்கே ஏற்காடு சாலையை ஒட்டிய அஸ்தம்பட்டிப் பக்கம் ஆட்சியர் பங்களா, மத்தியச் சிறை, மிஷன் வளாகங்கள் என்று விசாலமாக வளர்ந்தது. அக்காலப் பங்களா பாணியின் இலக்கணம் தெரிந்ததே: சுற்றிலும் தாழ்வாரம், ஒன்றரை அடிச் சுவர், பன்னிரண்டு அடிக்குக் குறையாத உயரம், மேலே சூடான காற்று வெளியேற வென்டிலேட்டர். வசதி உள்ளவர் வீட்டில் கயிறு கட்டி இழுக்கும் துணி விசிறியான பங்காவும், ஜன்னலில் தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியும் இருக்கும். பங்காக் கயிற்றின் மறுமுனையில் வெளியே உட்கார்ந்திருந்தவர் கணக்கை எந்தக் கட்டடக் கலை நூலும் சேர்த்துக்கொள்வதில்லை.

இவற்றில் அதிகம் உழைத்தது கூரை. மெட்ராஸ் டெரஸ் என்ற அந்தத் தளத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தேக்கு உத்திரங்களின் மேல், ஓர் அங்குலத் தடிமனே உள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, குத்தாக, மூலைவாட்டில் வரிசை பிடிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனத்த தளம். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி, சிறு மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து அடித்து அதை இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டையான ஓடு, அதாவது தட்டோடு. மொத்தத் தடிமன் சுமார் முக்கால் அடி. நண்பகலில் மேலே விழும் சூடு கீழே இறங்க வெகுநேரம் பிடிக்கும். இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் மலைக்காற்று மிச்சத்தைத் துடைத்துவிடும்.

இந்தக் கூரைக்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும். கீறலை அடைப்பது, தண்ணீர் போகும் தூம்பைச் சுத்தம் செய்வது, முளைத்த அரசஞ்செடியை வேரோடு பிடுங்குவது, சுண்ணாம்பு அடிப்பது. எல்லாம் கொத்தனார் வேலை. வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்பியது என்பதால் பராமரிப்பும் குளிரூட்டலும் அன்று ஒரே வேலையாக இருந்தன.

மின்சாரம் வந்தது அடுத்த திருப்பம். மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. 1937-இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. சேலத்தில் விநியோகம் சேலம்-ஈரோடு மின் விநியோகக் கம்பெனி என்ற தனியார் கையில் இருந்த காலம் உண்டு. மாநில மின்வாரியம் பிறந்தது 1957 ஜூலை 1 அன்று. தேக்கு உத்திரத்தில் கொக்கி மாட்டி, நீளக் குழாயில் ஃபேனைத் தொங்கவிட்டார்கள். சுவரோடு மரப்பட்டி அடித்து அதன்மேல் ஒயர் ஓடியது. ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. காற்றை ஓட்டி உடம்பு வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. அதற்கும் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். ஆகவே பழைய வீட்டுக்கும் ஃபேனுக்கும் சண்டையே வரவில்லை.

சண்டையை மூட்டியது கான்கிரீட். சங்ககிரியில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1960-களில் ஓடத் தொடங்கியும் சிமெண்ட் எளிதில் கிடைக்கவில்லை. கட்டுப்பாடு 1982-இல்தான் பாதி தளர்ந்தது, 1989-இல் முழுக்க நீங்கியது. அதன்பின் நாலைந்து அங்குலத் தளமும் பத்தடி உயரமும் எங்கும் வழக்கமாயின. பழைய வீட்டின் பின்கட்டை இடித்து ஒட்டிய புதுப் பகுதிகளும் இப்படியே. தளத்தின்மேல் செங்கல் ஜல்லி-சுண்ணாம்புச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பது, மெட்ராஸ் டெரஸின் மேல்பாதியை மட்டும் காப்பாற்றி வைத்த பழக்கம். செலவை மிச்சம் பிடிக்க முதலில் கைவிட்டதும் அதைத்தான். மொட்டைத் தளம் பகலெல்லாம் காய்ந்து, விளக்கு வைத்த பிறகு அறைக்குள் சூட்டைக் கக்கும். “ஃபேன் அனலைத்தான் கீழே தள்ளுது” என்ற புலம்பலுக்குக் காரணம் ஃபேன் அல்ல.

ஏர் கூலரைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடலோரச் சென்னையைவிட உள்நாட்டுச் சேலத்தின் கோடைக் காற்று உலர்ந்தது; அதனால் இங்கே கூலர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றினால் பேடில் வெள்ளை உப்புப் படிந்து காற்றை அடைத்துவிடும்.

ஏசி வீட்டிடம் கேட்பது இதற்கு முன் வந்த எல்லாவற்றுக்கும் நேர் எதிர்: எல்லாவற்றையும் மூடு. வென்டிலேட்டரில் தெர்மாகோல் அடைக்கிறார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடியிலிருந்து பன்னிரண்டடியானால் குளிரூட்ட வேண்டிய காற்று 20 சதவீதம் கூடும். அதற்காகப் பொய்க்கூரை இறக்கினால், மேலே உத்திரத்து முனையில் நீர் கசிவதோ கரையான் ஏறுவதோ கண்ணுக்குத் தெரியாது. ஏசி வடிக்கும் தண்ணீர்க் குழாயைச் சுவரோரம் விட்டால் சுண்ணாம்புச் சாந்து ஊறிக் கரையும். கூரை ஒழுகுகிறது என்று பழைய தளத்தின்மேல் சிமெண்ட் கலவை போடுவது இன்னும் மோசம். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு தேக்கை அழுக வைக்கும், பாரமும் ஏறும். விளக்குக்கும் ஃபேனுக்கும் இழுத்த பழைய ஒயரில் ஒன்றரை டன் ஏசியை மாட்டுவது தீயை அழைப்பதுதான். மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்சிபி, சரியான எர்த் ஆகியவற்றை முடித்துவிட்டுத்தான் ஏசி வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

புதுப்பிப்பில் எதை முதலில் செய்வது என்ற வரிசை மெல்ல மாறிவருகிறது. மாற்றியது சட்டத்தைவிட மின் கட்டணம் என்பது என் கருத்து. சட்டமும் சும்மா இருக்கவில்லை. ஏசிக்கு நட்சத்திர முத்திரை 2010-இலும் சீலிங் ஃபேனுக்கு 2023-இலும் கட்டாயமாயின. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் ஆர்-22 குளிரூட்டும் வாயு விலகி வருவதால், பழைய ஏசிக்குக் கேஸ் நிரப்பி ஓட்டுவதில் நாளுக்கு நாள் பொருளில்லாமல் போகிறது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. இவையெல்லாம் இருந்தாலும், இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் விலையும் ஏறிவிடும் என்ற விதிதான் வீட்டுக்காரரை யோசிக்க வைக்கிறது. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும், இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480. சுமார் 75 வாட் இழுக்கும் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் சொச்சத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டுவது அதனால்தான் பரவுகிறது.

மொட்டை மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்டோ கூல் டைல்ஸோ போடுவதும் இதே கணக்கில் திரும்பி வந்திருக்கிறது. கான்கிரீட் தளத்துக்கு இரண்டும் பொருந்தும். மெட்ராஸ் டெரஸுக்கு டைல்ஸின் பாரமும் ஆகாது, மூச்சை அடைக்கும் ரசாயனப் பூச்சும் ஆகாது. அதற்கு இன்றும் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. அதை அடிக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது, ஏசி மெக்கானிக்கைப் பிடிப்பதைவிடக் கடினம்.